3,800 மீட்டர் ஆழத்தில் சிக்கிய நீர்மூழ்கியை மீட்க முடியுமா?

நெய்தல்வாசி (கேள்வி)

டைட்டானிக் சிதைவைப் பார்க்க 2023-ல் ஐந்து பேரோடு இறங்கி நொறுங்கிய டைட்டன் நீர்மூழ்கியின் விபத்து பற்றிய அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் விசாரணை அறிக்கை 2025 ஆகஸ்டில் வந்தது. விபத்து தவிர்த்திருக்கக்கூடியது என்று அதில் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். கலம் ஏன் நொறுங்கியது என்பது ஓரளவு புரிகிறது. நான் கேட்பது வேறு. கலம் நொறுங்காமல், ஐந்து பேரும் உயிரோடு, டைட்டானிக் பக்கத்தில் கடல்தரையில் சிக்கிக் கிடந்திருந்தால் காப்பாற்றியிருக்க முடியுமா? 96 மணி நேரத்துக்குக் காற்று இருந்தது என்றார்கள். இன்னொரு நீர்மூழ்கியை அனுப்பி ஆட்களை அதற்குள் மாற்றிக் கொண்டுவர வழியில்லையா? சென்னையில் 6,000 மீட்டர் ஆழத்துக்கு ஆட்களைக் கொண்டுபோகும் இந்திய நீர்மூழ்கி மத்ஸ்யா 6000 உருவாகிவரும் நேரத்தில் இது நமக்கும் தேவைப்படும் கேள்வி. தெரிந்தவர்கள் கணக்கோடு சொல்லுங்கள்.

கடற்பொறி

ஆட்களை மாற்ற முடியாது. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

கடற்படைகளிடம் இருக்கும் மீட்பு நீர்மூழ்கிகள் 600 முதல் 650 மீட்டர் வரைதான் இறங்கும். இந்தியக் கடற்படையின் இரண்டு மீட்புக் கலங்களின் எல்லையும் 650 மீட்டர்தான். அவை கீழே கிடக்கும் கலத்தின் வாயிலைச் சுற்றியுள்ள தட்டையான வளையத்தின் மேல் உட்கார்ந்து, இடையிலுள்ள தண்ணீரை வெளியேற்றி, அதன் பிறகே மூடியைத் திறக்கும். போர் நீர்மூழ்கிகளில் அந்த வளையத்தை அளவு பார்த்துப் பொருத்தியிருப்பார்கள். டைட்டனில் அப்படி எதுவும் கிடையாது. அதன் முன்பக்க மூடியை வெளியிலிருந்து போல்ட் போட்டு முடுக்குவார்கள். உள்ளே இருப்பவர்கள் கடல்மட்டத்துக்கு வந்துவிட்டால்கூடத் தாங்களாகத் திறக்க முடியாது.

அழுத்தத்தையும் பாருங்கள். 3,800 மீட்டரில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ 390 கிலோ, அதாவது 75 கிலோ அரிசி மூட்டை ஐந்தின் எடை. அரை மீட்டர் விட்டமுள்ள ஒரு மூடியின் மேல் 760 டன்னுக்குக் குறையாது. ஊசித்துளை விழுந்தாலும் தண்ணீர் நொடிக்கு 270 மீட்டர் வேகத்தில் பீறிடும். ஆகவே அந்த ஆழத்தில் ஆளை வெளியே எடுப்பது என்ற பேச்சே இல்லை. முழுக் கலத்தையும் மேலே தூக்க வேண்டும், அல்லது அதைப் பிடித்துவைத்திருப்பதை அறுத்துவிட வேண்டும்.

வடக்கயிறு

மேலே சொன்னது சரி. தூக்குவதிலும் அறுப்பதிலும் என்ன சிக்கல் என்பதற்கு டைட்டன் தேடலின் நேரக்கணக்கே போதும்.

2023 ஜூன் 18 ஞாயிறு காலை, இறங்கி ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் தொடர்பு அறுந்தது. திரும்ப வேண்டிய நேரம் கடந்த பிறகே கடலோரக் காவற்படைக்குத் தகவல் போனது. அரை நாள் அங்கேயே போய்விட்டது. 6,000 மீட்டர் இறங்கக்கூடிய ஒடிஸியஸ் 6கே என்ற ஆர்.ஓ.வி. (கப்பலிலிருந்து வடம் வழியே இயக்கும் ஆளில்லா ரோபோ) அமெரிக்காவின் பஃபலோ நகரில் இருந்தது. அதையும் அதன் வடம், வடத்தைச் சுற்றி இறக்கி ஏற்றும் வின்ச், கட்டுப்பாட்டு அறையையும் சி-17 விமானங்களில் ஏற்றி நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஹொரைசான் ஆர்க்டிக் கப்பலின் தளத்தில் எல்லாவற்றையும் பொருத்தினார்கள். அங்கிருந்து சுமார் 700 கிலோமீட்டர் கடல்வழி. 11 நாட் (மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர்) வேகத்தில் போனாலும் ஒன்றரை நாள். ஆர்.ஓ.வி. நிமிடத்துக்கு 30 மீட்டர் என்று இறங்கினால் தரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல். அது கீழே சேர்ந்தது ஜூன் 22 காலை. டைட்டானிக்கின் முன்பகுதியிலிருந்து சுமார் 500 மீட்டர் தள்ளிச் சிதறல்களைக் கண்டது.

பல நாடுகள் ஓடி உழைத்து, பெரிதாக எதுவும் தவறாமல், முதல் ரோபோ தரையைத் தொடும்போது 96 மணி நேரம் தீரும் தறுவாய். தூக்கும் வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

டைட்டனின் எடை ஏறக்குறைய 10 டன். 25 மி.மீ. எஃகு வடம் மீட்டருக்குச் சுமார் 2.5 கிலோ, 4,000 மீட்டர் விட்டால் வடமே இன்னொரு 10 டன். மேலே கப்பல் அலையில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்த எடை சுண்டி இழுக்கும். அந்த அதிர்வை உள்வாங்கும் அமைப்பு வின்ச்சில் இல்லையென்றால் வடம் அறுந்துவிடும். அமெரிக்கக் கடற்படையும் தன் ஆழ்கடல் தூக்கு அமைப்பை அனுப்பத்தான் செய்தது. ஆனால் அதைக் கப்பல் தளத்தில் வெல்டிங் செய்து பொருத்தவே ஏறத்தாழ ஒரு நாள் ஆகும்.

மீண்ட கதைகள் இரண்டையும் ஆழத்தோடு சேர்த்துப் படியுங்கள். 1973-ல் அயர்லாந்து அருகே பைசஸ் 3 சிக்கியது 480 மீட்டரில். இழுவைக் கயிறு மாட்டிப் பின்பக்கக் கோளத்தின் மூடி பிடுங்கிக்கொண்டது. தண்ணீர் புகுந்து கலம் கீழே போனது. இருவரையும் 76 மணி நேரம் கழித்து மேலே கொண்டுவந்தபோது 12 நிமிடத்துக்கான ஆக்சிஜன்தான் மிச்சம். அதற்கு இரண்டு சகோதரக் கலங்களும் அமெரிக்கக் கடற்படையின் கர்வ் 3 ரோபோவும் தேவைப்பட்டன. 2005-ல் கம்சட்கா கடலில் ரஷ்யாவின் ஏ.எஸ்-28, வலையிலும் கேபிளிலும் சிக்கியது 190 மீட்டரில். பிரிட்டனிலிருந்து விமானத்தில் வந்த ஸ்கார்பியோ ரோபோ அவற்றை வெட்டிவிட, ஏழு பேரும் பிழைத்தார்கள். இரண்டிலும் கலம் கிடக்கும் இடம் தெரியும், உள்ளே இருப்பவர்களோடு பேசவும் முடிந்தது.

நெய்தல்வாசி

நன்றி ஐயா. அந்த 96 மணி நேரம் எப்படிக் கணக்கிடுவது? ஆக்சிஜன் உருளையைக் கூடுதலாக வைத்தால் ஒரு வாரம் தாங்காதா?

செவ்வந்தி

ஆக்சிஜன் இதில் எளிய பகுதி. ஆளுக்கு மணிக்கு 25 லிட்டர் என்று வைத்தால், 5 பேருக்கு 96 மணி நேரத்தில் 12,000 லிட்டர். 200 பார் அழுத்தத்தில் நிரப்பிய 50 லிட்டர் உருளை ஒன்றிலேயே 10,000 லிட்டர் இருக்கும்.

ஆளைக் கொல்வது கார்பன் டை ஆக்சைடு. மத்ஸ்யா 6000-ன் டைட்டானியம் கோளத்தின் உள்விட்டம் 2.1 மீட்டர், மூன்று பேர். ஆட்களும் கருவிகளும் போக 4,000 லிட்டர் காற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் விடும் மூச்சில் மணிக்கு 60 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு சேரும். அதாவது மணிக்கு 1.5 சதவீதம். உறிஞ்சும் கருவி நின்றுபோனால் இரண்டு மணி நேரத்தில் 3 சதவீதம்: தலைவலி, மூச்சிரைப்பு. ஆறு மணி நேரத்தில் 9 சதவீதம்: நினைவு தப்பும். உருளையில் ஆக்சிஜன் நிறைய மிச்சம் இருந்தும் இதுதான் நடக்கும்.

உறிஞ்சும் பொருளுக்கும் எடை உண்டு. ஒருவர் ஒரு நாளில் சுமார் 1 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியிடுகிறார். ஐந்து பேருக்கு நான்கு நாளில் 20 கிலோ. அதைப் பிடிக்க லித்தியம் ஹைட்ராக்சைடு ஏட்டுக்கணக்கிலேயே 22 கிலோ வேண்டும். நடைமுறையில் இன்னும் கூடுதல். குளிர் இதைக் கெடுக்கும். அந்த ஆழத்தில் தண்ணீர் சில டிகிரிதான். மின்சாரம் போனால் கலமும் அதே குளிருக்கு வந்துவிடும். 1973 ஜூனில் ஃப்ளோரிடா அருகே ஜான்சன் சீ லிங்க் சுமார் 110 மீட்டரில் சிக்கியது. அதன் பின்பக்க அலுமினிய அறை குளிர்ந்து, உறிஞ்சும் ரசாயனம் வேலை செய்யாமல், அங்கிருந்த இருவர் இறந்தனர். முன்பக்க அக்ரிலிக் கோளத்தில் இருந்த இருவர் பிழைத்தனர்.

ஆக்சிஜனைத் தாராளமாகத் திறந்துவிடவும் கூடாது. காற்றில் அதன் அளவு 23 சதவீதத்தைத் தாண்டினால் சிறு தீப்பொறிகூடப் பெருந்தீயாகும்.

சிக்கிக்கொண்டால் செய்ய வேண்டியது: படுத்துவிட வேண்டும், பேச்சைக் குறைக்க வேண்டும், ஈரம் படாமல் போர்த்திக்கொள்ள வேண்டும், மின்சாரம் குறைவாக இருந்தால் உறிஞ்சியின் விசிறியை இடைவெளி விட்டு அவ்வப்போது மட்டும் ஓட்ட வேண்டும். பைசஸ் 3-ல் இருந்தவர்கள் 72 மணி நேரக் காற்றை நீட்டியது இப்படித்தான்.

கொண்டல்

மீட்பை நம்பிக் கலம் கட்டக் கூடாது, தானாக மேலே வரும்படி கட்ட வேண்டும். நல்ல கலத்தில் அதற்கு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல வழிகள் இருக்கும். எடைகளை மின்காந்தம் பிடித்திருக்கும். மின்சாரம் போனால் அவை தானே விழும். விமானி மயங்கிவிட்டாலும், கடல்நீரில் குறித்த நேரத்தில் அரித்து அறுந்துபோகும் இணைப்பு எடையை விடுவிக்கும். வலையில் மாட்டிய இயந்திரக் கையையோ மின்கலப் பெட்டியையோ அப்படியே கழற்றிவிடலாம். டைட்டனிலும் இப்படிச் சில வழிகள் இருந்தன. ஆனால் கூடு நொறுங்கினால் எதுவும் உதவாது.

அந்தக் கூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 5 அங்குலக் கார்பன் ஃபைபர் உருளை, இரு முனையிலும் பசையால் ஒட்டிய டைட்டானியம் வளையங்கள். கார்பன் ஃபைபர் இழுவிசையைத் தாங்குவதில் கெட்டி. சுற்றிலுமிருந்து நசுக்கும்போது அடுக்குகள் பிரியும். 2022 ஜூலை 15 அன்று 80-வது மூழ்கலில் பெரிய சத்தம் கேட்டது, அதன் பிறகு கூட்டின் உணரிகள் காட்டிய அளவுகளும் மாறின. அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். டி.என்.வி., ஏ.பி.எஸ். போன்ற தரச்சான்று அமைப்பு எதுவும் அந்தக் கலத்துக்குச் சான்று தரவில்லை. அப்படி ஒரு கலத்தில் பணம் வாங்கி ஆள் ஏற்றியதை எந்தப் புதுமையின் பெயராலும் ஏற்க முடியாது. மத்ஸ்யாவின் கோளம் 80 மி.மீ. தடிமனுள்ள டைட்டானியக் கலவை. வேலை நேரம் 12 மணி, அவசரத்துக்கு 96 மணி. அந்த 96-ஐ மேலே சொன்ன நேரக்கணக்கோடு வைத்துப் பார்த்தால், அந்த ஆழம் போகும் ஆர்.ஓ.வி.யும் வெட்டும் கருவியும் கூட வரும் கப்பலிலேயே இருந்தாக வேண்டும் என்பது விளங்கும்.

சுற்றுலாவுக்கு 25, 30 மீட்டர் இறங்கும் கலம்தானே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். 2025 மார்ச் 27-ல் எகிப்தின் ஹுர்காதா அருகே சிந்துபாத் சுற்றுலா நீர்மூழ்கி மூழ்கி 6 பேர் இறந்தார்கள். ஏறும் முன் கேளுங்கள்: தரச்சான்று யாருடையது, எந்தத் தேதி வரை? கலத்துக்கு அனுமதித்த ஆழத்தைவிடக் கடல்தரை ஆழமாக உள்ள இடத்தில் இறக்குவீர்களா? முக்குளிப்போர் மேலே படகில் இருப்பார்களா? எல்லோருக்கும் மூச்சுக்கவசம் உண்டா? மூடியை உள்ளிருந்து திறக்கலாமா? இரண்டாவது கேள்விக்கு ‘ஆம்’ என்றோ, கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்றோ பதில் வந்தால் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.