மறுமொழி: ஜியோஃபென்சிங் – புவிவேலியா, மடையடைப்பா?

அன்புள்ள குழுவினர்க்கு வணக்கம்.

உக்ரைன் போரில் ஸ்டார்லிங்க் (ஈலான் மஸ்க்கின் செயற்கைக்கோள் இணையச் சேவை) பற்றிய கட்டுரையை மொழிபெயர்ப்பவர், அதில் ஐந்தாறு இடங்களில் வரும் "ஜியோஃபென்சிங்" என்பதற்கு, அதாவது வரைபடத்தில் எல்லை வகுத்து அதன்படி சேவையை நடத்துவதற்கு, தமிழ்ச்சொல் கேட்டிருந்தார். மூன்று நாளாக ஓடும் அந்த இழையை இன்று காலையில்தான் முதலிலிருந்து படித்தேன். "புவிவேலி" என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது போலத் தெரிகிறது. கொஞ்சம் பொறுக்கக் கேட்டுக்கொள்கிறேன். கைப்பேசிச் செயலிக்குப் புவிவேலி நல்ல சொல். பிள்ளை பள்ளி வளாகத்தைத் தாண்டினால் பெற்றோருக்குத் தகவல் வருகிறது. அங்கே ஒரு கோடு இருக்கிறது, உள்ளும் புறமும் இருக்கின்றன. உக்ரைன் போரில் ஸ்டார்லிங்க் நடந்துகொண்ட விதத்துக்கும் அதே சொல்லை வைத்தால், அங்கே யார் என்ன செய்தார்கள் என்பது வாசகருக்குப் புரியாமலே போய்விடும்.

> இவ்வளவு பேச வேண்டுமா? "இணைப்பைத் துண்டித்தார்" என்று போட்டால் யாருக்கும் புரியும்.

ஐயா, புரியும், ஆனால் தவறாகப் புரியும். இந்தப் போரில் மட்டும் "துண்டிப்பு" என்று எழுதத்தக்க நிகழ்ச்சிகளை எடுத்துப் பாருங்கள்.

2022 பிப்ரவரி 24, ரஷ்யப் படை உள்ளே நுழைவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பு, வயாசாட் என்ற வேறொரு நிறுவனத்தின் கா-சாட் செயற்கைக்கோள் இணைய வலையமைப்பு தாக்கப்பட்டது. தாக்கியவர்கள் செயற்கைக்கோளைத் தொடவில்லை. தரையில் இருந்த மோடம்களின் நினைவகத்தை அழிக்கும் நிரலை வலையமைப்பு வழியாகவே அனுப்பினார்கள். ஐரோப்பா முழுக்கப் பல்லாயிரம் மோடம்கள் வெறும் பெட்டிகளாயின. ஜெர்மனியில் 5,800 காற்றாலைகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்க முடியாமல் போனது. இதில் சேவை தருபவரும் பாதிக்கப்பட்டவரே. இது முடக்கம்.

இரண்டு நாள் கழித்து, அப்போது உக்ரைனின் எண்ணிம (டிஜிட்டல்) துறை அமைச்சராக இருந்த மிகைலோ ஃபெடோரோவ், ஸ்டார்லிங்க் தரும்படி ட்விட்டரில் ஈலான் மஸ்க்கிடம் வெளிப்படையாகக் கேட்டார். சில மணி நேரத்தில் "சேவை திறந்துவிட்டது" என்று மறுமொழி வந்தது. 28ஆம் தேதியே முதல் தொகுதி டிஷ்கள் (செயற்கைக்கோளோடு இணைக்கும் தட்டுகள்) வந்து இறங்கின. ஒரு நாட்டின் போர்க்காலத் தொடர்பு ஒரு ட்வீட்டில் தொடங்கியது. அன்று எல்லாரும் கொண்டாடினோம், நானும்தான். அவ்வளவு எளிதாகத் திறக்கக்கூடியதை அவ்வளவு எளிதாக மூடவும் முடியும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்தது 2022 செப்டம்பர். ரஷ்யா பிடித்துவைத்திருக்கும் கிரிமியாவில் ரஷ்யக் கருங்கடல் கப்பற்படையைத் தாக்க உக்ரைன் ஆளில்லாப் படகுகளை அனுப்பியது. மஸ்க் வேண்டுமென்றே இணைப்பை அணைத்தார் என்றுதான் அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய வால்டர் ஐசக்சன் 2023இல் முதலில் சொன்னார். நூல் வெளிவரும் நேரத்தில் அவரே திருத்தினார். கிரிமியாவை ஒட்டி சேவை முன்பும் இருக்கவில்லை. இருப்பதாக உக்ரைன் தரப்பு நினைத்திருந்தது. திறக்கச் சொல்லிக் கேட்டபோது மஸ்க் மறுத்தார். ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்துவதும் ஓடாததைத் திறக்க மறுப்பதும் ஒன்றா? உலகம் முழுக்க நடந்த வாக்குவாதமே அந்த இடத்தில்தான். நம்மிடம் "துண்டித்தார்" ஒன்று மட்டும் இருந்தால், திருத்தத்துக்கு முன் எழுதிய தலைப்பையும் பின் எழுதிய தலைப்பையும் எப்படி வேறுபடுத்துவோம்?

இன்னொன்று. அதே செப்டம்பர் இறுதியில் தெற்கு உக்ரைனின் கெர்சோன் பகுதியில் உக்ரைன் முன்னேறிக்கொண்டிருந்தபோது, ஓடிக்கொண்டிருந்த சேவையை நிறுத்த மஸ்க் உத்தரவிட்டார் என்று 2025 ஜூலையில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. செய்தி சரியல்ல என்றது நிறுவனத் தரப்பு. அது உண்மையென்றால் கிரிமியாவில் நடந்ததிலிருந்து வகையிலேயே வேறானது. 2025 ஜூலை 24 அன்றோ உலகெங்கும் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஸ்டார்லிங்க் நின்றது. உக்ரைன் போர்முனை முழுக்க இணைப்புப் போனது. காரணம் நிறுவனத்தின் உள்மென்பொருள் கோளாறு. யாரும் யாரையும் குறிவைக்கவில்லை. இது செயலிழப்பு, அவ்வளவுதான்.

ஆக முடக்கம், செயலிழப்பு இரண்டும் ஏற்கெனவே நம் கையில் இருக்கின்றன. எதிரி அதே அலைவரிசையில் இரைச்சலைக் கொட்டித் தடுப்பதற்கு "அலைமறிப்பு" என்று சென்ற ஆண்டு இதே குழுவில் பேசியிருக்கிறோம். சொல் இல்லாமல் நிற்பது ஒன்றுக்குத்தான்: சேவை தருபவர், தம் முடிவின்படி, ஒரு குறிப்பிட்ட பகுதிக்கு மட்டும் சேவையை விடாமல் வைப்பது.

> "சேவை மறுப்பு" எளிமையாக இருக்கிறதே.

இருக்கிறது. ஆனால் வலைத்தளத்தின் மேல் ஒரே நேரத்தில் லட்சம் கோரிக்கைகளை ஏவித் திணறடிக்கும் தாக்குதலுக்கு அதை எப்போதோ கொடுத்துவிட்டோம். பாதுகாப்புக் கட்டுரைகளில் இரண்டும் ஒரே பத்தியில் வரும். குழப்பம் தவிர்க்க முடியாதது.

இப்போது வேலிக்கு வருகிறேன். தமிழில் வேலி போடுபவர் யார்? நிலத்துக்காரர். தன் நிலத்தைச் சுற்றி, தன் பயிரைக் காக்கப் போடுவார். வேலியே பயிரை மேய்ந்தாற்போல என்று நாம் பதறுவதும் வேலிக்குக் காவல் கடமை உண்டென்பதால்தான். ஸ்டார்லிங்க்குக்குக் கிரிமியாவில் ஏது நிலம்? "நிறுவனம் புவிவேலி போட்டது" என்று எழுதும்போது, நிலத்தின் மேல் அதற்கு ஓர் உரிமை இருப்பதாக நாமே எழுதிக் கொடுக்கிறோம். ஆங்கிலச் சொல்லில் அந்தக் குறை இருக்கிறது என்பதற்காக நாமும் அதைச் சுமக்க வேண்டியதில்லை.

தொழில்நுட்பமும் வேலிக்கு ஒத்துவரவில்லை. இந்தச் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்தில் ஓடுகின்றன. பழைய வகைச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டரில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும். இவை சில நிமிடங்களில் தலைக்கு மேல் கடந்துவிடும். அதனால் எந்த டிஷ்ஷுக்கு எந்தச் செயற்கைக்கோள் என்பதை 15 விநாடிக்கு ஒருமுறை வலையமைப்பு புதிதாக ஒதுக்கிக்கொண்டே இருக்கிறது. தரையை அறுகோணக் கட்டங்களாகப் பிரித்து, கட்டம் கட்டமாகக் கற்றையைத் திருப்புகிறார்கள். (ஆங்கிலத்தில் பீம். கற்றை என்றே சொல்வோம். "அலைக்கற்றை" 2ஜி வழக்குக்குப் பிறகு வேறு பொருளில் ஊன்றிவிட்டது.) வேலியை ஒருமுறை நட்டால் நிற்கும். இங்கே நட்டது எதுவும் இல்லை. சேவை இருக்கிறது என்றால் அந்தக் கட்டத்துக்கு விடலாம் என்பது நடப்பிலிருக்கும் முடிவு. டிஷ் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், செயற்கைக்கோளும் மேலே போகும், விடக் கூடாது என்று முடிவானால் எதுவும் வராது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வயல்தான் நினைவுக்கு வந்தது. நாகை மாவட்டத்துக் கடைமடை. பாத்தி பாத்தியாக நிலம், ஒவ்வொன்றுக்கும் ஒரு மடை. வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டுதான் இருக்கும். மடையை வெட்டிவிட்டால் நம் வயலுக்கு, மண்ணை அணைத்துவிட்டால் அடுத்தவருக்கு. முறைவைத்துப் பாய்ச்சும் நாள்களில் அப்பா இரவெல்லாம் மண்வெட்டியோடு மடையடியிலேயே உட்கார்ந்திருப்பார். தண்ணீர் யாருடையது என்பதைவிட மண்வெட்டி யார் கையில் என்பதுதான் அந்த இரவில் கேள்வி.

ஆகவே என் முன்மொழிவு: மடையடைப்பு.

ஓடிக்கொண்டிருந்த பகுதியில் நிறுத்தினால் "மடையடைப்பு". ஒருபோதும் திறக்காத பகுதியென்றால் "மடை திறவாமை"; கேட்டும் தராவிட்டால் "மடை திறக்க மறுத்தல்". பொதுவாக, எந்தப் பகுதிக்கு விடுவது என்ற அதிகாரத்துக்கு "மடையுரிமை". வினையாக்கிப் பாருங்கள்: மடையடைத்தார்கள், மடையடைக்கப்பட்ட மாவட்டங்கள், மறுநாள் மடை திறந்தது. வாயில் தடுக்காமல் வருகிறது. "புவிவேலியிட்டார்கள்" என்று ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

2022 அக்டோபரில், உக்ரைன் வீரர்கள் புதிதாக மீட்ட ஊர்களுக்குள் நுழைந்ததும் ஸ்டார்லிங்க் நின்றுபோவதாகச் செய்திகள் வந்தன. ரஷ்யர் கையில் இருந்த பகுதிகள் திறக்கப்படாமல் இருந்தன. படை முன்னேறும் வேகத்துக்கு வரைபடம் ஈடுகொடுக்கவில்லை என்பதே சொல்லப்பட்ட விளக்கம். முன்னேறுபவருக்குத்தான் தொடர்பு கூடுதலாகத் தேவை, அவருக்குத்தான் வந்து சேரவில்லை. கடைமடைக்காரருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

> கலைச்சொல் நடுநிலையாக இருக்க வேண்டும். நீங்கள் ஒரு தரப்பு எடுப்பது போல இருக்கிறது.

அம்மா, நியாயமான கவலை. மடையை அடைப்பது எப்போதும் தவறு என்று தமிழில் பொருள் இல்லை. பயிர் அழுகாமல் இருக்கவும் அடைப்பார்கள். ரஷ்யப் படையும் கைப்பற்றிய பகுதிகளில் ஸ்டார்லிங்க் பயன்படுத்துகிறது என்று 2024 பிப்ரவரியில் உக்ரைன் ராணுவ உளவுத்துறை சொன்னது. அந்த டிஷ்களுக்குச் சேவையை நிறுத்தக் கேட்டால், அதுவும் மடையடைப்புக் கோரிக்கையே. இந்தியாவிலும் தேவை இருக்கிறது. 2024 டிசம்பரில் மணிப்பூரில் ஸ்டார்லிங்க் கருவி பிடிபட்டதாகச் செய்தி வந்தபோது, இந்தியாவின் மேல் கற்றைகள் அணைக்கப்பட்டிருக்கின்றன என்றார் மஸ்க். 2025 மே மாதம் தொலைத்தொடர்புத் துறை வகுத்த பாதுகாப்பு நிபந்தனைகளில், போர்க்காலத்தில் குறிப்பிட்ட பகுதிக்குச் சேவையை நிறுத்தும் வசதி கேட்கப்பட்டிருக்கிறது. நாளை அதைத் தமிழில் எழுத நமக்குச் சொல் வேண்டாமா? அடைத்தவர் நல்லவரா கெட்டவரா என்பதைச் சொல் தீர்மானிக்காது. அடைத்தவர் ஒருவர் உண்டு என்பதை மட்டும் மறைக்காமல் வைத்திருக்கும். அதைத்தான் வேண்டுகிறேன்.

அந்த ஒருவர் யாருக்குப் பதில் சொல்பவர் என்பதே எனக்கு இதில் பெரிய கேள்வி. ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டியை (தண்ணீரைத் திறந்து பங்கிடுபவரை) ஊர் நியமித்தது, அறுவடையில் நெல் அளந்தது. தவறினால் ஊர் கேட்கும். உக்ரைனில் பல்லாயிரம் டிஷ்களுக்குப் போலந்து அரசு, 2025 நிலவரப்படி, ஆண்டுக்கு 5 கோடி டாலர் அளவில் கட்டிவந்தது. 2025 மார்ச்சில் அதைக் குறிப்பிட்டு, சேவை நம்பத்தகாததானால் வேறு நிறுவனத்தைத் தேட வேண்டியிருக்கும் என்று போலந்து வெளியுறவு அமைச்சர் சிகோர்ஸ்கி எழுதினார். தாம் அணைத்தால் போர்முனையே சரிந்துவிடும் என்று மஸ்க் சொன்னதற்கு எழுந்த மறுமொழி அது. ஒருபோதும் அணைக்க மாட்டேன் என்றும் மஸ்க் சொன்னார். சிகோர்ஸ்கியை வாய்மூடச் சொல்லி இழிவாகவும் பேசினார். நெல் அளப்பவருக்கே அந்த மரியாதைதான். 1967ஆம் ஆண்டு விண்வெளி உடன்படிக்கையின் 6ஆவது உறுப்பின்படி, தனியார் விண்வெளிச் செயல்களுக்கும் அந்தந்த நாட்டு அரசே பொறுப்பு. ஆனால் போரின் நடுவே ஒரு கட்டத்தைத் திறப்பதா என்பதை அன்று ஒரு தனிமனிதரிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. "மடையுரிமை" என்ற சொல்லை வலியுறுத்துவது இதற்காகத்தான்.

எதிர்ப்புகள் வரும் என்று தெரியும். "மடையன்" நினைவுக்கு வரும் என்பார்கள். "மடைமாற்றம்" நாளிதழ்களில் தினமும் வருகிறது, யாரும் சிரிக்கவில்லை. "மதகு" பெரிய சொல்லாயிற்றே என்று கேட்டால், மதகு ஏரிக்கும் அணைக்கும் உரியது. வயலுக்கு வயல் மாறுவது மடைதான். தரை நிலையத்தை (செயற்கைக்கோளை இணையத்தோடு இணைக்கும் இடத்தை) மதகு என்று சொல்லும் ஆசை எனக்கே வந்தது. வேண்டாம். உவமையை அவ்வளவு தூரம் இழுத்தால் அடுத்த தொழில்நுட்ப மாற்றத்தில் அறுந்துவிடும்.

கட்டுரை மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு வேண்டுகோள். அந்த ஐந்தாறு இடங்களையும் மூல வாக்கியத்தோடு இங்கே ஒட்டுங்கள். ஒவ்வொன்றிலும் அடைத்தார்களா, திறக்காமல் இருந்தார்களா, தானே நின்றதா என்று பார்த்து உட்கார்ந்து எழுதுவோம். இரண்டு இடத்தில் மூல ஆசிரியரே தெளிவாகச் சொல்லாமல் விட்டிருக்கிறார் என்று ஐயப்படுகிறேன். அங்கே அவருக்கு எழுதிக் கேட்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
கடைமடைக்காரன்