திருப்பூர் குமரனுக்கு நாணயம் கேட்டால்: முகமா, கொடி பிடித்த கையா?

நொய்யல்கரை (திருப்பூர்)

எல்லோருக்கும் வணக்கம். 2032 ஜனவரி 11 வந்தால் கொடிகாத்த குமரன் இறந்து 100 வருடம். இப்போதே எதற்கு அவசரம் என்பீர்கள். நினைவு நாணயம் என்றால் யாராவது கேட்க வேண்டும், நிதி அமைச்சகம் ஒப்புக்கொள்ள வேண்டும், எடை, அளவு, வடிவம் எல்லாம் அரசிதழில் வர வேண்டும், அப்புறம்தான் மின்ட்டில் அடிப்பார்கள். கடைசி வருடத்தில் ஓடினால் ஆகாது. அவருக்கு 2004இல் தபால்தலை வந்தாயிற்று, நாணயம் இல்லை. அமைச்சகத்துக்கு மனு எழுதலாம் என்று இருக்கிறேன். கூடவே வைக்க மூன்று வடிவம் வரைந்திருக்கிறேன்.

அ. குமரனின் மார்பளவு உருவம், கீழே 1932-2032.
ஆ. முகம் கிடையாது. கொடிக்கம்பைப் பிடித்த கை, மேலே கொடி, குறுக்கே இறங்கும் ஒரு தடி.
இ. ராட்டை மட்டும், அதிலிருந்து கிளம்பும் நூல் ஓரத்தைச் சுற்றி வட்டமாக.

என் ஓட்டு ஆ-வுக்கு. அடிபட்டு விழுந்த பிறகும் கொடியை விடவில்லை என்பதற்காகத்தானே அவரை நினைக்கிறோம். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று மட்டும் எழுதாதீர்கள்.

சேலம்_செட்

அ. யோசிக்கவே வேண்டாம். 1964இல் நேருவுக்கு அடித்த முதல் நினைவு நாணயத்திலிருந்து நம் மரபு முகம்தான். காமராஜர் 2003, அண்ணா 2009, எம்.ஜி.ஆர். 2017, எல்லாம் முகம். ஆல்பத்தில் வரிசையாக அடுக்கினால் ஒரு தொடர்ச்சி தெரியும். நடுவில் ஒரு கை மட்டும் வந்து நின்றால் என்னவென்று சொல்வது? நாக்பூரில் இருக்கிறவன் அந்தக் கையைப் பார்த்துக் குமரன் என்று எப்படிக் கண்டுபிடிப்பான்?

நொய்யல்கரை (திருப்பூர்)

பெயர்தான் இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஓரத்தில் இருக்குமே. முகத்தைப் போட்டாலும் நாக்பூர்க்காரர் பெயரைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார்.

மஞ்சள்மண்டி (ஈரோடு)

விற்கிறவன் பக்கத்திலிருந்து இரண்டு வார்த்தை. ஆட்கள் கேட்பது பெயர் சொல்லித்தான். "அண்ணா காயின் இருக்குதுங்களா", "எம்ஜிஆர் வெள்ளி என்ன விலைங்க" என்பார்கள். பொருளோ சின்னமோ போட்ட நாணயம் டப்பாவிலேயே கிடக்கும், தஞ்சைப் பெரிய கோயில் 1000 ஆண்டு நாணயம் மட்டும் விதிவிலக்கு.

இன்னொன்று, யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். கை போட்டால் "இது அந்தக் கட்சிச் சின்னம்" என்று மறுநாளே பஞ்சாயத்து கிளம்பும்.

அமராவதிமணல் (கரூர்)

கட்சிச் சின்னம் விரித்த உள்ளங்கை, இது மூடிய கை. இரண்டும் ஒன்றாகுமா? 2007 வாக்கில் வந்த முத்திரை வரிசையை மறந்துவிட்டீர்களா? ஒரு ரூபாயில் கட்டைவிரல், 2 ரூபாயில் இரண்டு விரல், 50 காசில் மூடிய முட்டியே இருந்தது. யார் வழக்குப் போட்டார்கள்?

மஞ்சள்மண்டி (ஈரோடு)

வழக்குப் போடவில்லை, கிண்டல் செய்தார்கள். ஒரு ரூபாயைப் பார்த்து "என்னங்க, கட்டைவிரலைக் காட்டி டாட்டா சொல்றாங்க" என்று சிரிக்காத ஆள் உண்டா? அதற்கு முன்னால் 2 ரூபாயில் நான்கு கோடு குறுக்காகப் போட்டு, வேற்றுமையில் ஒற்றுமை என்றார்கள். அதைச் சிலுவை என்று சொல்லிப் பெரிய சண்டையே நடந்தது. வரைகிறவர் மனதில் இருப்பது ஒன்று, பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரிவது வேறொன்று. முகத்தில் அந்தத் தொல்லை இல்லை.

பொள்ளாச்சி டீச்சர்

முகத்தில் வேறு தொல்லை இருக்கிறது. எங்கள் ஊருக்குப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம் அவர்களுக்கு 2010இல் 5 ரூபாய் நாணயம் வந்ததே, நினைவிருக்கிறதா? பசுமைப் புரட்சிக் காலத்தில் உணவு அமைச்சராக இருந்தவர். நாணயத்தில் ஒரு நெற்கதிர்கூடக் கிடையாது. முகமும் பெயரும் ஆண்டும்தான். அதை வகுப்பில் காட்டினேன். பிள்ளைகள் "யாருங்க டீச்சர் இந்தத் தாத்தா?" என்றார்கள். பொள்ளாச்சியிலேயே இந்தக் கதி.

அதற்கு முன்னால் 1970களில் வந்ததைப் பாருங்கள். "அனைவருக்கும் உணவு" என்றார்கள், கதிரைப் போட்டார்கள். 1980இல் கிராமப் பெண்கள் முன்னேற்றம் என்று ஒரு பெண் உட்கார்ந்து அரைப்பதைப் போட்டார்கள். எழுத்துத் தெரியாத ஆளுக்கும் புரியும். எனக்கு ஆ.

ஆனால் நொய்யல்கரை தம்பிக்கு ஒரு கேள்வி. கையில் இருப்பது எந்தக் கொடி? சக்கரம் வைத்த கொடி 1947இல்தான் வந்தது. 1932 ஜனவரியில் அவர் பிடித்திருந்தது 1931இல் காங்கிரஸ் ஏற்றுக்கொண்ட ராட்டைக் கொடி. அசோகச் சக்கரத்தைப் போட்டுவிட்டால் நூறு வருடமும் வீணாகிவிடும்.

நொய்யல்கரை (திருப்பூர்)

ராட்டைதான் டீச்சர். படத்தில் வெள்ளைப் பட்டையில் ராட்டை வரைந்திருக்கிறேன். நாணயத்தில் நிறம் கிடையாது என்பதால் மூன்று பட்டைகளையும் கோடுகளின் சாய்வால் பிரித்திருக்கிறேன்.

சேலம்_செட்

இப்போது வசமாக மாட்டினீர்கள். 5 ரூபாய் நாணயம் எவ்வளவு பெரிது? 23 மில்லிமீட்டர். அதில் கை, கை மேல் கொடி, கொடிக்குள் ராட்டை, போதாக்குறைக்கு ஒரு தடி. புதிதாக இருக்கும்போதே ராட்டை ஒரு புள்ளி மாதிரித்தான் தெரியும். ஆறு மாதம் கைமாறினால் அதுவும் தேய்ந்துவிடும். உங்கள் வடிவம் வேண்டுமென்றால் 100 ரூபாய் வெள்ளி கேளுங்கள். 44 மில்லிமீட்டர், 35 கிராம், ராட்டைக்கு ஆரக்கால்கூட எண்ணி வைக்கலாம். சேகரிக்கிறவர்களுக்கென்று மெருகேற்றி அடிக்கும் ப்ரூஃபில் பளபளவென்று நிற்கும்.

2 ரூபாய் தேசிய ஒருமைப்பாடு நாணயத்தில் இந்திய வரைபடத்துக்குள் கொடி இருந்ததே என்று யாராவது எடுத்துவருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். அதில் கொடியின் உருவம்தான் தெரியும். உள்ளே இருக்கும் சக்கரத்தை எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்?

பேக்கரிக்காரன் (கோவை)

சேகரிக்கிறவங்க நீங்க எல்லோரும் பேசுகிறீர்கள், சில்லறை வாங்கிப்போடுகிற நானும் பேசட்டுமா?

100 ரூபாய் வெள்ளியை நாணயம் என்று எப்படிச் சொல்வது? பெட்டியில் வருகிறது, பெட்டியோடு பீரோவுக்குப் போகிறது. 2023இல் புது நாடாளுமன்றத்துக்கு 75 ரூபாய் நாணயம் வந்தது. யாராவது அதை என் கடையில் நீட்டி டீயும் பஃப்ஸும் வாங்கட்டும், பஃப்ஸுக்குக் காசு வேண்டாம்.

அதேபோல், புழக்கத்துக்கு வரும் புது வடிவத்திலும் எனக்குச் சந்தோஷம் இல்லை. 10 ரூபாய் நாணயத்தால் பட்ட பாடு போதும். ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் 14 வடிவமும் செல்லும் என்று அறிக்கையே விட்டது. இன்றைக்கும் மீதி கொடுத்தால் "இது செல்லாதுங்கண்ணா, நோட்டுக் கொடுங்க" என்கிறார்கள். ஏன்? ஒன்றில் கோடு பத்து, இன்னொன்றில் பதினைந்து, ஒன்றில் ரூபாய்க் குறி இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? வருடத்துக்கு ஒரு தலைவர் என்று மாற்றிக்கொண்டே போனால் கள்ள நாணயம் செய்கிறவனுக்குத்தான் வசதி.

பொள்ளாச்சி டீச்சர்

அண்ணா, பயம் வடிவத்தால் வந்ததல்ல, வதந்தியால் வந்தது. 5 ரூபாயில் எத்தனையோ நினைவு நாணயம் வந்தது, யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லையே? 2022இல் சுதந்திரத்தின் 75ஆம் ஆண்டு அமுதப் பெருவிழாச் சின்னத்தோடு 1, 2, 5, 10, 20 ரூபாய் வந்ததையும் எல்லோரும் வாங்கிக்கொண்டுதானே இருக்கிறோம்.

பேக்கரிக்காரன் (கோவை)

20 ரூபாய் நாணயத்தை யார் வாங்கிக்கொள்கிறார்கள் டீச்சர்? கல்லாவில் கிடப்பதைக் காட்டவா?

சரி, 5 ரூபாய் பற்றி நீங்கள் சொல்வது நியாயம். அதை யாரும் திருப்பித் தந்ததில்லை.

அமராவதிமணல் (கரூர்)

முகமா பொருளா என்று இத்தனை நேரம் மோதுகிறீர்கள், எழுத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

எங்கள் ஊர் ஆற்றில் கிடைத்த சேரர் வெள்ளி நாணயத்தில் ஒரு பக்கம் அரசன் முகம், அதன் மேல் தமிழ் பிராமியில் "மாக்கோதை" என்ற பெயர். கொல்லிப்புறை என்ற பெயரோடும் நாணயம் உண்டு. தினாரியஸ் என்ற ரோமானிய வெள்ளிக் காசைப் பார்த்துத்தான் முகம் போடும் பழக்கம் வந்தது என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். வெள்ளலூரில் 1842இல் ஒரே புதையலாக 500க்கு மேல் ரோமானிய வெள்ளிக் காசு கிடைத்த நாடு இது, பார்த்துக் கற்றுக்கொள்ள என்ன குறை? முகத்தை வேண்டுமானால் அவர்களிடமிருந்து எடுத்திருக்கலாம், பெயரை நம் எழுத்தில்தான் வெட்டினார்கள். ஏறக்குறைய 2000 வருடத்துக்கு முன்னால்.

இன்றைக்குத் திருப்பூர்க்காரருக்கு ஒரு நாணயம் கேட்கிறோம், அதில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இருக்காது என்பதை எல்லோரும் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறீர்கள். எனக்கு அ, ஆ, இ எதுவானாலும் சரி. "குமரன்" என்று தமிழில் இருந்தால் கையெழுத்துப் போடுகிறேன்.

சேலம்_செட்

விதியில் இடமில்லைங்க. ஒரு பக்கம் சிங்க முகப்பு, பாரத், இந்தியா. மறுபக்கம் மேலே இந்தி, கீழே ஆங்கிலம். எல்லா அரசிதழ் அறிவிப்பும் இதே அச்சுதான்.

அமராவதிமணல் (கரூர்)

விதியா, பழக்கமா? அண்ணா நாணயத்தில் அவருடைய தமிழ்க் கையொப்பம் இருக்கிறதே, அது எப்படி வந்தது? 2024இல் கலைஞர் நூற்றாண்டு 100 ரூபாயில் "தமிழ் வெல்லும்" என்று இருக்கிறதே? படத்தின் ஒரு பகுதியாகத் தமிழை உள்ளே கொண்டுவந்தார்கள். கேட்டதால் கிடைத்தது. ராட்டை நூலை ஓரத்தில் சுற்றவிடும் இ வடிவத்தில் அந்த நூலையே எழுத்தாக முடியலாமே.

நொய்யல்கரை (திருப்பூர்)

நூலை எழுத்தாக்குவது! இது எனக்குத் தோன்றவே இல்லை அண்ணா. ஆனால் அதை ஆ-வில் வைத்தால்? கொடியின் கீழ் ஓரம் அப்படியே எழுத்தாக முடிகிற மாதிரி.

சேலம்_செட்

23 மில்லிமீட்டர். மறுபடியும் சொல்கிறேன்.

கொங்குமைந்தன்

குமரனுக்குக் கேட்பது சரி. தீரன் சின்னமலையை ஏன் யாரும் பேசவில்லை? 1805 ஜூலை 31இல் சங்ககிரியில் தூக்கில் போட்டார்கள். 2030 வந்தால் 225 வருடம், குமரனுக்கு முன்னாலேயே வருகிறது. முதலில் அவருக்குக் கேட்போம். குதிரைமேல் வாளோடு.

சேலம்_செட்

100, 125, 150 என்றால் எளிது, 225க்குக் கேட்டால் கொஞ்சம் இழுப்பார்கள். அது போக, சின்னமலையைப் பார்த்து வரைந்த படம் எதுவும் நம்மிடம் இல்லை. சிலைக்குச் சிலை முகம் வேறு. எந்த முகத்தைப் போடுவது என்பதிலேயே ஐந்து வருடம் ஓடிவிடும்.

கொங்குமைந்தன்

வள்ளுவரை மட்டும் நேரில் பார்த்தா வரைந்தார்கள்? 1995 உலகத் தமிழ் மாநாட்டு நாணயத்தில் அவரைப் போட்டார்களே! அவருக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா?

மஞ்சள்மண்டி (ஈரோடு)

தம்பி சொல்வதில் பாயிண்ட் இருக்கிறது. வள்ளுவர் முகம் ஓர் ஓவியரின் கற்பனை, அரசு ஒப்புக்கொண்டது, ஊரும் ஒப்புக்கொண்டது. சின்னமலைக்கு 2005இல் தபால்தலை வந்தபோதும் ஒரு முகத்தைத் தீர்மானித்துத்தானே போட்டார்கள்.

ஆனால் "எங்களுக்கு" என்றீர்களே, அங்கேதான் இடிக்கிறது. அவர் யாருக்குச் சொந்தம் என்று ஊரில் நடக்கும் பேச்சு உங்களுக்கே தெரியும். மனு போனால் அந்தப் பேச்சும் கூடவே போகும். மைசூருக்குப் போன வரிப்பணத்தை வழிமறித்து ஏழைகளுக்குக் கொடுத்தார் என்று கதை இருக்கிறது. அதைப் போடுங்கள், சாதி எங்கிருந்து வரும்? அதற்குத் தனியாக ஒரு விவாத இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன்.

பொள்ளாச்சி டீச்சர்

ஏனுங்க மஞ்சள்மண்டி அண்ணா, முகம்தான் விற்கும் என்று ஆரம்பித்தீர்கள். இப்போது கதையைப் போடு என்கிறீர்களே?

மஞ்சள்மண்டி (ஈரோடு)

விற்பது வேறு, பிடிப்பது வேறு அம்மிணி. என் சொந்தப் பெட்டியில் சேரர் வில் அம்பு பொறித்த ஈயக்காசு ஒன்று இருக்கிறது. அதை யாருக்கும் விற்க மாட்டேன், அதில் முகமும் கிடையாது.

அமராவதிமணல் (கரூர்)

ஈயமா? ஒரிஜினல்தானா என்று யாரிடமாவது காட்டினீர்களா அண்ணா? கரூரில் இப்போது ஆற்று மணலைவிடப் போலிக் காசுதான் அதிகம்.

மஞ்சள்மண்டி (ஈரோடு)

ஈரோடு வாங்க, கையில் தருகிறேன், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

நொய்யல்கரை (திருப்பூர்)

திரும்ப குமரனுக்கு வருவோம். இரண்டு நாணயம் கேட்கலாம் என்று தோன்றுகிறது. 2010இல் பெரிய கோயிலுக்கு 5 ரூபாயும் 1000 ரூபாயும் சேர்ந்து வந்த மாதிரி. 100 ரூபாய் வெள்ளியில் ஆ வடிவம், ராட்டைக் கொடியும் தமிழ் எழுத்தும் சேர்த்து. 5 ரூபாயில் இன்னும் எளிமையாக, மூடிய கையும் கம்பும் மட்டும், கொடியின் ஓரம் கொஞ்சம் தெரிந்தால் போதும். சேலம் அண்ணன் சொன்ன அளவுப் பிரச்சினையும் தீரும்.

பேக்கரிக்காரன் (கோவை)

மனுவில் 5 ரூபாயை முதலில் எழுதுங்கள். வெள்ளியை முதலில் எழுதினால் அதை மட்டும் கொடுத்துவிட்டு முடித்துவிடுவார்கள். அப்புறம் குமரனை முன்பதிவு செய்து, சில ஆயிரம் கட்டித்தான் பார்க்க வேண்டும். அவர் பஞ்சாலையில் வேலை பார்த்த ஆள். திருப்பூரில் வாரச் சம்பளம் வாங்குகிறவர் கையில் அது வரவில்லை என்றால் எனக்கு எந்த வடிவமும் வேண்டாம்.

சேலம்_செட்

புழக்க நாணயம் எல்லோருக்கும் போகும் என்பது சரி. ஒரு வருடத்தில் உண்டியலிலும் டோல்கேட்டிலும் தேய்ந்துபோகும் என்பதும் சரி. நல்ல நிலையில் ஒன்றை எடுத்து வைக்கிற ஆளும் வேண்டும், அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம். எங்களை ஏதோ பதுக்கல்காரர்கள் மாதிரிப் பேசாதீர்கள். இன்றைக்குத் தேயாத 1964 நேருவை நீங்கள் பார்க்க முடிகிறது என்றால் அன்றைக்கு எவனோ அதைச் செலவு செய்யாமல் வைத்ததால்தான்.

பேக்கரிக்காரன் (கோவை)

அதுவும் சரிதான். இரண்டும் கேளுங்கள். 5 ரூபாய் முதல் வரியில்.

நொய்யல்கரை (திருப்பூர்)

ஆகட்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் 5 ரூபாய் வடிவத்தை உண்மையான அளவிலேயே அச்செடுத்துப் பார்த்துவிட்டு இங்கே போடுகிறேன். டீச்சர், கொடியை நீங்கள் ஒருமுறை சரிபார்த்துத் தர வேண்டும். அமராவதி அண்ணா, எழுத்து உங்கள் பொறுப்பு.

சேலம்_செட்

போடுங்கள், பார்க்கிறேன். என் ஓட்டு இன்னமும் அ-வுக்குத்தான்.