பொருள் இல்ல, தடம் மட்டும் இருந்துச்சு - உங்களுக்கும் இப்படி ஆயிருக்கா?

நானே ஆரம்பிக்கிறேன். போன மாசம் பசங்களுக்கு லீவுன்னு மதுரைப் பக்கம் ஒரு மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன், பேர் வேணாம், பாவம் யார் பொழப்புலயாவது மண்ணு விழுந்துரும். கடைசி ரூம்ல ஒரு கண்ணாடி அலமாரி, நாலு சின்ன செப்புச் சிலை, நடுவுல ஒரு இடம் காலி. "காளியன் மேல் கண்ணன், செம்பு"ன்னு டைப் அடிச்ச சீட்டு மட்டும் மூலை சுருண்டு கிடக்கு. நான் நின்னது சீட்டுக்காக இல்லங்க, அடியில விரிச்சிருந்த வெல்வெட்டுக்காக. டியூப்லைட் வெளிச்சம் பட்டுப் பட்டு துணி மொத்தமும் வெளிறி செங்கப்பொடி கலருக்கு வந்துருச்சு, சிலை நின்ன இடம் மட்டும் இன்னும் கொஞ்சம் அரக்கா, சுத்தியிருக்குற அளவுக்கு வெளிறாம இருக்கு. ஒரு வட்டம், பீடம் போல. அதுல ஒரு பக்கம் மட்டும் விரல் தண்டி கோடு வெளிய நீட்டிக்கிட்டு வளைஞ்சு போகுது. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் புரிஞ்சுச்சு, பாம்போட வால்!

வாட்ச்மேன் ஐயாகிட்ட கேட்டேன். "ரிப்பேருக்குப் போயிருக்கு தம்பி." எப்பங்கய்யா? "நான் வேலைக்குச் சேந்த அன்னைக்கே இல்லையே, அதாச்சு பதினோரு வருசம்."

என் சின்னவன் கண்ணன் எங்கப்பான்னு கேக்குறான், நான் வாலைக் காட்டுனேன், வேற என்னத்தச் சொல்ல.

பாஸ்டன்ல கார்ட்னர் மியூசியத்துல 1990 மார்ச் 18ல போலீஸ் வேசம் போட்டு வந்து 13 பொருளைத் தூக்கிட்டுப் போனாங்கள்ல, அதுல அறுத்து எடுத்த படங்களோட வெத்து ஃப்ரேம் இன்னும் அதே செவுத்துலதான் தொங்குது. அங்க வேணும்னே தொங்குது. இங்க யாரும் துணியை மாத்தல, அம்புட்டுதான் வித்தியாசம்.

*

அண்ணே, போட்டோவும் தடம்தானே. பாண்டிச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட்காரங்க 1950கள்லருந்தே ஊர் ஊராப் போயி கோயில் சிலையெல்லாம் போட்டோ எடுத்து வச்சிருக்காங்க. அரியலூர்ப் பக்கம் ஸ்ரீபுரந்தான் கோயில்லருந்து திருடு போன நடராஜரை ஆஸ்திரேலியா மியூசியம் 2008ல 50 லட்சம் டாலருக்கு மேல குடுத்து வாங்குச்சு, 2014ல திரும்பி வந்தாரு, அந்த மாதிரி பழைய போட்டோவை வச்சுத்தான் பிடிச்சாங்க. உங்க கண்ணனை யாராச்சும் போட்டோ எடுத்திருந்தா நல்லாருக்கும்.

*

எங்க அப்பா பெயிண்டர். இது சிலை இல்ல, செவுரு, பரவால்லயா? நான் எட்டாவது படிக்கறப்ப மேலூர்ப் பக்கம் ஒரு சின்னக் கோயில்ல கும்பாபிஷேக வேலை, லீவு நாள்ல சோறு கொண்டு போவேன். பழைய சுண்ணாம்பைச் சுரண்டிக்கிட்டு இருந்தவரு திடீர்னு நிப்பாட்டிட்டாரு. என்னப்பான்னு கிட்டப் போனா, உள்ளங்கை அளவு இடத்துல ஒரு கண்ணு. புருவம், மூக்கோட ஆரம்பம், கருப்புல முடி மாதிரி மெல்லிசுக் கோடு, சுத்தி செவப்பு. மதுரை மீனாட்சி கோயில் பொற்றாமரைக் குளத்துக்கு மேற்குப் பக்கச் சின்ன மண்டபத்துல மீனாட்சி கல்யாணம், கூடவே ராணி மங்கம்மா நிக்கிற பழைய படம் இருக்குல்ல, அதே செவப்புடான்னாரு. அங்கயும் நாயக்கர் காலத்து ஓவியம் மிச்சம் கொஞ்சந்தான்.

மேஸ்திரி வந்து பாத்துட்டு, "ஏய், நாள் குறிச்சாச்சு, அடிச்சு விடு"ன்னுட்டுப் போயிட்டாரு. அப்பா மறுத்துப் பேசுற ஆளு இல்ல. ஆனா சாயங்காலம் பாத்தா செவுரு பூராம் வெள்ளை, அந்தக் கண்ணு மட்டும் அப்படியே முழிச்சுக்கிட்டு இருக்கு. கேட்டதுக்கு "பிரஷ் எட்டல"ன்னாரு. அவரு ஆறடி.

*

தங்கச்சி, இப்பவும் இருக்கா அது?

*

இல்லண்ணே. போன தையில போனேன், ஒரு ஆள் உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டியாச்சு, அதுக்கு மேல மஞ்சள் எனாமல். அப்பா அந்த இடத்துக்கு நேரா உக்காந்துதான் விபூதி பூசிக்கிட்டாரு.