கல்லீரல் கொழுப்புக்குத் தைராய்டு காரணமா?

பாமணிக்கரை (மன்னார்குடி):
என் தமக்கைக்கு 52 வயது. சென்ற ஆண்டு வயிற்று ஸ்கேனில் ‘கிரேடு 2 ஃபேட்டி லிவர்’ (கல்லீரலில் நடுத்தர அளவுக் கொழுப்பு) என்று வந்தது. சோற்றைக் குறைத்து நடக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்ததையும், நடவு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிடும் அளவுக்குக் களைத்ததையும் யாரும் பொருட்படுத்தவில்லை. எட்டு மாதம் கழித்துப் பார்த்தால், தைராய்டு சுரப்பு குறையும்போது இரத்தத்தில் ஏறும் டி.எஸ்.எச். 18, இயல்பைவிட மிக அதிகம். கல்லீரல் தன்னிடமுள்ள கொழுப்பை எரிக்கத் தைராய்டு ஹார்மோன் தேவை. அது குறைந்தால் எரிப்பு மந்தமாகிறது, கெட்ட கொலஸ்ட்ராலும் ஏறுகிறது. ஆகவே, கல்லீரலில் கொழுப்புள்ள எல்லோருக்கும் டி.எஸ்.எச். பார்த்து, சற்றுக் கூடியிருந்தாலும் மாத்திரை தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

குடமுருட்டி (பாபநாசம்):
பரிசோதனை வேண்டும் என்பதில் மறுப்பில்லை, மாத்திரையில்தான் மாறுபடுகிறேன். உங்கள் தமக்கைக்கு வந்தது தெளிவான குறைபாடு, அதற்குத் தைராக்ஸின் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை) கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் டி4 (இரத்தத்திலுள்ள தைராய்டு ஹார்மோன்) சரியாக இருந்து, டி.எஸ்.எச். மட்டும் 6, 7 என்று நிற்பவருக்கு அதே மாத்திரை கல்லீரலைச் சரிசெய்யும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. வயது ஏறினால் டி.எஸ்.எச். தானாகவே சற்று ஏறும். உடற்பருமனும் சர்க்கரையும் இரண்டு நோய்களோடும் சேர்ந்தே வருவதால், எது எதற்குக் காரணம் என்று பிரிப்பது எளிதன்று. தேவையில்லாமல் அளவு கூடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்பும் தேயும்.

பாமணிக்கரை:
அப்படியானால், 2024 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரெஸ்மெட்டிராம் என்ற கல்லீரல் கொழுப்பு மருந்து தைராய்டு ஹார்மோனின் வழியில்தானே வேலை செய்கிறது?

குடமுருட்டி:
ஐயா, அது என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறது. தைராய்டு ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகளில், கல்லீரலில் மிகுதியாக இருப்பது பீட்டா வகை, இதயத்தில் ஆல்ஃபா வகை. அந்த மருந்து பெரும்பாலும் பீட்டாவையே தூண்டும்படி செய்யப்பட்டது. தைராக்ஸினுக்கு அந்தப் பாகுபாடு தெரியாது என்பதால்தான் புதிய மருந்தே தேவைப்பட்டது. அதையும் சிரோசிஸுக்கு (தழும்பு முற்றிக் கல்லீரல் இறுகிப்போகும் நிலைக்கு) முந்திய நிலையில், கல்லீரலில் தழும்பு ஓரளவு முற்றியவர்களுக்கு, உணவுக் கட்டுப்பாட்டோடும் உடற்பயிற்சியோடும் சேர்த்துத்தான் அனுமதித்திருக்கிறார்கள்.

அரசலாற்றுக்காரி (கும்பகோணம்):
இடையில் ஒன்று. எங்கள் ஊரில் விடிந்ததும் டிகிரி காபி டம்ளரோடு இந்த மாத்திரையையும் விழுங்குகிறவர்கள் உண்டு. காபி மாத்திரையை உடம்பில் சேரவிடாது; தண்ணீரில் விழுங்கி, குறைந்தது அரைமணி நேரம் பொறுக்க வேண்டும். உங்கள் தமக்கை எப்படி, அண்ணா?

பாமணிக்கரை:
அவரும் காபியோடுதான் விழுங்கினார், அம்மா. மூன்று மாதமாகியும் டி.எஸ்.எச். 11க்குக் கீழே இறங்கவில்லை. காபியைத் தள்ளி வைத்த பிறகே 4க்கு வந்தது. அண்மை ஸ்கேனில் கொழுப்பு கிரேடு 1.

குடமுருட்டி:
எடை குறைந்ததா?

பாமணிக்கரை:
71 கிலோ 66 ஆனது. மாத்திரைக்குப் பின்தான் அவரால் நடக்கவே முடிந்தது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

குடமுருட்டி:
நியாயம்தான். ஆனால் 7 விழுக்காடு எடை குறைந்தாலே கல்லீரல் தேறும் என்பதால், எதன் பலன் இது என்று நாம் இருவரும் அடித்துச் சொல்ல முடியாது. கிரேடை விடத் தழும்பே முக்கியம். அதைக் கணிக்க ஃபிப்-4 என்றொரு கணக்கு உண்டு: வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்கி, இரத்தத் தட்டணுக்களை (ஆயிரங்களில்) எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்கி வருவதால் வகுத்துப் பாருங்கள். எஸ்.ஜி.ஓ.டி.யும் எஸ்.ஜி.பி.டி.யும் இரத்தப் பரிசோதனையில் பார்க்கும் கல்லீரல் நொதிகள்.

பாமணிக்கரை:
வயது 52, எஸ்.ஜி.ஓ.டி. 38, எஸ்.ஜி.பி.டி. 49, தட்டணு 2,40,000. விடை 1.18.

குடமுருட்டி:
1.3க்குக் கீழேதான். தழும்பு முற்றியிருக்க வாய்ப்புக் குறைவு.