பாதத்தில் எலும்பு முறிந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

செவ்வந்தி, சேலம்

டவுன் பஸ்ஸின் கடைசிப் படியில் இடது பாதம் உள்பக்கமாக மடங்கியது. விழக்கூட இல்லை, 'டக்'கென்று ஒரு சத்தம் மட்டும். பக்கத்தில் இருந்த கிளினிக்கில் கணுக்காலை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்கள். கணுக்காலுக்கு மட்டும் எக்ஸ்ரே எடுத்து, சுளுக்குதான், கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதைச் சுற்றிக்கொண்டு ஸ்கூலுக்குப் போய் நின்றபடியே பாடம் நடத்தினேன்.

வலி குறையவில்லை. வேறொரு எலும்பு டாக்டரிடம் போனேன். பழைய எக்ஸ்ரேயை நீட்டினேன், அவர் வாங்கவே இல்லை. பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலுக்கும் குதிகாலுக்கும் நடுவே கைக்கு மேடாகத் தட்டுப்படுமே, அதற்குச் சற்று முன்னால் கட்டைவிரலை வைத்து மெல்ல அழுத்தினார். நான் போட்ட சத்தத்தில் வெளியே உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் உள்ளே ஓடி வந்துவிட்டார். "பாதத்துக்கு எடுத்துட்டு வாங்க" என்றார் டாக்டர். சுண்டுவிரலுக்கு நேர் பின்னால் போகும் நீள எலும்பில் ஜோன்ஸ் முறிவு.

அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறைவு, அதனால் எலும்பு கூட நாளாகும். 6 முதல் 8 வாரம் காலைத் தரையில் ஊன்றக்கூடாது என்று மாவுக்கட்டு போட்டார்கள். அதே எலும்பின் குதிகால் பக்க நுனி மட்டும் பிய்ந்திருந்தால் கெட்டியான அடி உள்ள செருப்போடு நடக்கவே விட்டிருப்பார்களாம். இரண்டுக்கும் நடுவே ஒரு விரற்கடை தூரம் இருக்குமா? ராபர்ட் ஜோன்ஸ் என்ற டாக்டர் நடனமாடும்போது தன் காலிலேயே இது முறிந்து, 1902-இல் அதைப் பற்றி எழுதினாராம். கால் மடங்கி வருபவருக்கு எங்கெல்லாம் அழுத்திப் பார்க்க வேண்டும் என்று 1992-இல் கனடாவின் ஒட்டாவாவில் விதியே வகுத்திருக்கிறார்கள், இந்த எலும்பின் அடிப்பகுதியும் அதில் வருகிறது. முதலில் பார்த்தவர் ஏன் அங்கே ஒரு தடவை விரல் வைக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கார்த்தி, திண்டுக்கல்

அக்கா, பாதத்துக்கே எக்ஸ்ரே எடுத்தாலும் சில முறிவு தெரியாது. என் தம்பி கதை அதுதான்.

காவலர் தேர்வுக்கு 1500 மீட்டர் ஓடிப் பழகிக்கொண்டிருந்தான். தேர்வு நெருங்க நெருங்க, காலை மாலை இரண்டு வேளையும் தார் ரோட்டில் ஓட்டம். பாதத்தின் மேல்பக்கம், இரண்டாவது விரலுக்கு நேராக வலி. எங்கேயும் அடிபடவில்லை, மடங்கவும் இல்லை. எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. பயிற்சி கொடுப்பவர், "அதான் ஒண்ணுமில்லனு வந்துடுச்சே, ஓடு" என்றார். தம்பியும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினான்.

சுமார் மூன்று வாரம் கழித்து மறுபடி எடுத்த படத்தை டாக்டர் பழைய படத்தின் பக்கத்தில் வைத்து வெளிச்சத்தில் காட்டினார். முதல் படத்தில் எலும்பு நேர்க்கோடு. இரண்டாவதில் அதே எலும்பைச் சுற்றி வெள்ளையாக, மங்கலாக ஒரு புடைப்பு. விரிசலைச் சுற்றி உடம்பு புது எலும்பை வளர்க்க ஆரம்பித்த பிறகுதான் படத்தில் விழுந்திருக்கிறது. எம்ஆர்ஐ எடுத்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். 1855-இலேயே பிரஷ்ய ராணுவ டாக்டர் ஒருவர், அணிவகுத்து நடந்து நடந்து பாதம் வீங்கிய சிப்பாய்களைப் பற்றி எழுதியிருக்கிறார். எக்ஸ்ரே கண்டுபிடித்ததே 1895-இல்தான், அவர் வீக்கத்தையும் வலியையும் மட்டும் வைத்து எழுதினார்.

தம்பிக்குக் கட்டு ஒன்றும் போடவில்லை. ஓட்டத்தை நிறுத்தி, கெட்டி ஷூ போட்டு, வலியில்லாமல் நடக்கும் வரை பொறுத்திருக்கச் சொன்னார்கள். எலும்பு கூடிவிட்டது. அந்த வருடத் தேர்வு போனது போனதுதான்.

மேஸ்திரி மகள்

அப்பா கொத்தனார். சாரத்துக் கயிறு அவிழ்ந்து, நின்ற வாக்கிலேயே இரண்டு குதிகாலும் தரையில் மோத விழுந்தார். ஜிஹெச் கொண்டு போனோம். டியூட்டி டாக்டர் சின்னப் பெண். காலைப் பார்த்துவிட்டு அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகெலும்பை மேலிருந்து கீழே விரலால் ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே வந்தார். "அடிபட்டது கால்லம்மா, முதுகுல என்ன பார்க்கறீங்க" என்று சித்தப்பா சத்தம் போட்டார். உயரத்திலிருந்து குதிகாலில் விழுந்தால் அந்த வேகம் மேலே ஏறி இடுப்புக்கு மேலே உள்ள எலும்பையும் நசுக்கும், அதைப் பார்க்காமல் விடக்கூடாது என்று நிதானமாகச் சொன்னார். நல்லவேளை, முதுகில் ஒன்றும் இல்லை. சிடி ஸ்கேனில் வலது குதிகால் அப்பளமாக நொறுங்கியிருந்தது, இடதில் விரிசலும் கொஞ்சம் விலகலும்.

அப்புறம் வந்ததுதான் பெரிய சோதனை, காத்திருப்பு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தது, ஆபரேஷனுக்குத் தேதி மட்டும் கொடுக்கவில்லை. பாதம் வீங்கி, தோலில் நீர்க்கொப்புளம். பக்கத்து பெட்டில் தொடை எலும்பு முறிந்து வந்தவருக்கு மறுநாளே கம்பி வைத்துவிட்டார்கள். நமக்கு ஆள் தெரியாததால்தான் தள்ளிப் போடுகிறார்கள் என்று சொந்தக்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள். தினமும் காலையில் பெரிய டாக்டர் வருவார். கால் தலையணை மேல் உயரத்தில் இருக்கும். குதிகாலின் வெளிப்பக்கத் தோலைக் குனிந்து பார்ப்பார், பாதத்தை லேசாக மேலே மடக்குவார். "இன்னும் பளபளன்னு இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டுக்குப் போய்விடுவார்.

ஒரு நாள் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். பாதத்தை மடக்கியதும் தோலில் சின்னச் சின்னதாகச் சுருக்கம் விழுந்தது. "இந்தச் சுருக்கத்துக்குத்தாம்மா காத்திருந்தேன். வீங்கின தோலை அறுத்தா மூடாது, சீழ் பிடிச்சா காலே போயிடும்." அதுவரை அவர் மேல் கோபமாக இருந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு எல்லாம் மறந்தாலும் அந்தச் சுருக்கம் மறக்காது.

வலது காலுக்கு பிளேட் வைத்தார்கள், இடது காலுக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று மாவுக்கட்டு. ஏறக்குறைய மூன்று மாதம் இரண்டு காலையும் ஊன்றாமல், கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குக் கையை ஊன்றியே நகர்ந்தார். இப்போது சமதரையில் நன்றாக நடக்கிறார். வரப்பிலும் ஜல்லி கொட்டிய இடத்திலும் தடுமாறுகிறார். பாதத்தைப் பக்கவாட்டில் சாய்க்கிற மூட்டு கணுக்காலுக்குக் கீழே இருக்கிறது, அது இறுகிவிட்டது. சாரம் ஏறுவதில்லை, கீழே நின்று வேலை வாங்குகிறார். இரண்டு குதிகாலுக்கும் இன்றைக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்கிறார்.

அரக்கோணத்தான்

பார்த்தீர்களா, மேஸ்திரி மகள் அவர்களே சொல்லிவிட்டார். வெட்டாத காலும் வெட்டிய காலும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. இதைத்தான் எங்கள் பக்கம் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறோம்.

எங்கள் அத்தை காலில் அம்மிக்குழவி விழுந்து நடுவிரலுக்கு மேலே எலும்பு முறிந்தது. திருத்தணி, நகரி தாண்டிப் புத்தூருக்குக் கூட்டிப் போனோம். கட்டுப் போடுபவர் கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு விரலால் மட்டும் தடவினார், "இங்கதானே?" என்றார். அத்தை தலையாட்டுவதற்குள் பச்சிலையும் முட்டை வெள்ளையும் தடவி, மூங்கில் சிம்பு வைத்துத் துணியால் சுற்றியாகிவிட்டது. சில கட்டு மாற்றியதும் அத்தை எழுந்து சமையல் வேலையைப் பார்த்தார். செலவு மிகக் குறைவு. அந்த விரல்களின் அனுபவத்தை யாரும் லேசாகப் பேச வேண்டாம்.

நர்ஸ் அக்கா

அரக்கோணத்தான் தம்பி, உங்கள் அத்தைக்குக் கூடியது சந்தோஷம். நடுவிரல்களுக்கு மேலே உள்ள எலும்பு விலகாமல் முறிந்தால் இரண்டு பக்கமும் உள்ள எலும்புகளே அதற்கு அணை. பெரும்பாலும் யார் கட்டினாலும் கூடும். மேஸ்திரி மகளின் அப்பா விஷயம் வேறு. சிடி எடுத்து, இந்தக் காலுக்கு வேண்டாம் என்று டாக்டர் யோசித்து முடிவெடுத்தது அது. குதிகாலில் ஆபரேஷன் செய்தவர்களையும் செய்யாதவர்களையும் ஒப்பிட்டு 2014-இல் பிரிட்டனில் ஓர் ஆய்வு வெளியானது. வழக்கமாக வரும் விலகிய முறிவுகளில் இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் ஆபரேஷனால் கூடுதல் பலன் இல்லை என்றுதான் அதில் வந்தது. எல்லாக் காலையும் வெட்டுங்கள் என்று எந்த டாக்டரும் சொல்வதில்லை.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கத்து நாட்டு வைத்தியர் ஒருவரிடம் கட்டிக்கொண்டு என் அக்கா பையன் வந்தான், சின்னப் பிள்ளை. ராத்திரி முழுக்க அழுதிருக்கிறான். "கட்டு அப்படித்தான் வலிக்கும், விடிஞ்சா சரியாயிடும்" என்றார்களாம் வீட்டில். விடிந்தபோது அழுகை நின்றுவிட்டது, எல்லோருக்கும் நிம்மதி. நான் போய்ப் பெருவிரல் நகத்தை அழுத்தி விட்டேன். வெளுத்தது வெளுத்தபடியே இருந்தது, சிவப்பு திரும்பவில்லை. வலி தெரியாத அளவுக்கு மரத்துப் போனதால்தான் அழுகை நின்றிருக்கிறது. கத்தரி எடுத்துக் கட்டை அங்கேயே வெட்டினேன். கால் தப்பியது, இரண்டு விரல் நுனி போய்விட்டது.

ஆஸ்பத்திரி மாவுக்கட்டானாலும் இதே கதைதான். விரல் நீலமானால், மரத்துப் போனால், விரலை மெல்ல நிமிர்த்தினாலே உயிர் போகிற மாதிரி வலித்தால் விடியும் வரை காத்திருக்காதீர்கள். ராத்திரி எந்நேரமானாலும் கட்டைப் பிளக்கச் சொல்லுங்கள்.

அரக்கோணத்தான்

அந்தப் பிள்ளைக்கு நேர்ந்தது கொடுமை அக்கா. ஒருவர் செய்ததற்கு எல்லோரையும் சொல்லாதீர்கள் என்பது மட்டும்தான் நான் கேட்பது.

பாலா, தஞ்சாவூர்

வலியில்லாத முறிவு என்று ஒன்று உண்டு. அதை யாரும் இங்கே சொல்லவில்லை.

அப்பாவுக்கு நெடுநாள் சர்க்கரை. ஒரு பாதம் சிவந்து வீங்கியது. எங்கே இடித்தார், எப்போது மடங்கியது, எதுவும் அவருக்குத் தெரியாது. வலி இல்லாததால் ரேஷன் கடை, கோயில் என்று தினமும் நடந்துகொண்டே இருந்தார். போன இடத்தில் கிருமி என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். தீர்ந்ததும் மறுபடி அதே மாத்திரை. புண்ணும் இல்லை, காய்ச்சலும் இல்லை, வீக்கம் மட்டும் வடியவில்லை.

கடைசியில் சர்க்கரைக் காலுக்கென்றே பார்க்கும் ஓர் அம்மாவிடம் போனோம். அவர் இரண்டு புறங்கையையும் அப்பாவின் இரண்டு பாதத்தின் மேல் ஒரே நேரத்தில் வைத்தார். பிறகு என் கையைப் பிடித்து அதே மாதிரி வைத்தார். ஒரு கால் சாதாரணமாக இருந்தது. இன்னொன்று கொதித்தது. தினமும் அவருக்குக் கால் கழுவிவிடுகிற வீடு எங்களுடையது. தண்ணீர் ஊற்றிய கைக்குத் தெரியாத சூடு அது. கருவி வைத்துப் பார்த்தபோதும் 2 டிகிரிக்கு மேல் வித்தியாசம். எக்ஸ்ரேயில் பாதத்தின் நடு எலும்புகள் முறிந்து இடம் மாறியிருந்தன. சார்க்கோ பாதம். பிரான்சில் சார்க்கோ என்ற டாக்டர் 1868-இல் விவரித்ததால் அந்தப் பெயர். சர்க்கரையால் நரம்பு செத்துவிட்டதால் முறிந்த எலும்பின் மேலேயே நடந்திருக்கிறார்.

முழங்கால் வரை தோலோடு ஒட்டினாற்போல ஒரு மாவுக்கட்டு போட்டார்கள். வீக்கம் வடிய வடிய அதை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். இரண்டு காலின் சூடும் சமமாகும் வரை அதுதான், மாதக்கணக்கில் ஆனது. உள்ளங்கால் வளைவு கீழே இறங்கிவிட்டது, தனியாக அளவெடுத்துத் தைத்த செருப்பில் நடக்கிறார். சர்க்கரை உள்ள அப்பா அம்மா வீட்டில் இருந்தால் இன்றைக்கே அவர்களின் இரண்டு பாதத்தையும் தொட்டுப் பாருங்கள்.

கும்பகோணம் மாமி

கட்டில் காலில் இடித்துச் சுண்டுவிரல் முறிந்தது, பக்கத்து விரலோடு சேர்த்து பிளாஸ்டர் ஒட்டினார்கள், கூடிவிட்டது. என் கதை அவ்வளவுதான். வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் கக்கூஸ். ஒரு காலில் நின்று குத்துக்கால் வைக்க முடியாது. நடுவில் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் நாற்காலி மருந்துக்கடையில் கிடைக்கும், வாங்கிப் போடுங்கள். குளிக்கும்போது கட்டுக்கு மேல் கவர் மாட்டி, ஸ்டூலில் உட்கார்ந்து, காலை இன்னொரு ஸ்டூலில் நீட்டிக்கொள்ளுங்கள். வாக்கரின் ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள், ஈரத் தரையில் இரண்டாவது முறை விழுந்தவர்கள் நிறைய. கட்டுக்குள் அரிக்கிறதென்று குச்சி, ஸ்கேல், பின்னல் ஊசி எதுவும் விடாதீர்கள். உட்காரும்போதெல்லாம் கால் இடுப்புக்கு மேலே இருக்கட்டும். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் இறுகி வலித்தாலோ திடீரென்று மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அசையாத காலில் ரத்தம் உறையும்.

சாப்பாட்டுக்கு ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். கேழ்வரகு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, தாராளமாகச் சாப்பிடுங்கள். பிரண்டைத் துவையலும் ஆட்டுக்கால் சூப்பும் பிடித்தால் சாப்பிடுங்கள், மருந்துக்குப் பதிலாக வேண்டாம். வைட்டமின் டி எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு ஆம்பிளைகள் பீடி, சிகரெட்டை எலும்பு கூடும் வரையாவது விட வேண்டும், புகை எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். கட்டுப் பிரித்ததும் கெண்டைக்கால் சூம்பிப் போய், தோல் உரிந்து பார்க்கவே பயமாக இருக்கும். அழாதீர்கள். பிசியோவுக்கு ஒழுங்காகப் போனால் சதை திரும்பி வரும்.

ரஃபீக், நாகர்கோவில்

செவ்வந்தி அக்காவுக்கு நடந்த அதே சுளுக்குக் கதைதான் எனக்கும். பைக்கோடு சரிந்தபோது பாதம் வண்டிக்கடியில் முறுக்கிக்கொண்டது. படுக்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. மறுநாள் உம்மா கால் பிடித்துவிட உட்கார்ந்தவர், "அடியில் என்னடா இது" என்றார். உள்ளங்கால் நடுவில் நீலமாக ரத்தம் கட்டியிருந்தது. அடுத்துப் பார்த்த டாக்டர் அதைப் பார்த்ததுமே நிற்க வைத்து எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். உடம்புப் பாரம் விழுந்ததும் பெருவிரல் எலும்புக்கும் அடுத்த எலும்புக்கும் நடுவே இடைவெளி விரிந்தது. லிஸ்பிராங்க் காயம், நெப்போலியன் காலத்துப் படை டாக்டர் ஒருவரின் பெயர். தட்டும் ஸ்க்ரூவும் வைத்தார்கள்.

இப்போது நடை சரி. பைக்கில் கியரை மேலே தூக்கும்போது மட்டும் பிடிக்கிறது. ஸ்க்ரூவை எடுத்துவிடலாம் என்கிறார்கள். எடுத்த பிறகு மறுபடி பந்து விளையாடியவர்கள் இங்கே யாராவது இருந்தால் எழுதுங்கள்.