புதுப்பிப்பு: ட்ரக் கொம்பனி காசு வெட்டினது பற்றி எழுதினன் எல்லோ

முதல் கதை தெரியாத ஆக்களுக்கு: பிரம்டன்ல ஒரு சின்ன ட்ரக் கொம்பனிக்கு அல்பேர்ட்டா வரைக்கும் ஓடினன், சேரேக்கையே "உன்ர பேரில ஒரு கோர்ப்பரேஷன் (சொந்தக் கொம்பனி) திற, அப்பதான் வேலை" எண்டாங்கள், பிறகு ட்ரெயிலர் கீறிப்போச்சாம் எண்டு கடைசி ரெண்டு ட்ரிப் காசும் தரேல்லை.

நிறையப் பேர் ஒன்ராறியோ லேபர் மினிஸ்ட்ரிக்குப் போகச் சொன்னியள், போனன், பிழையான கதவு. மாகாணம் தாண்டி ஓடுற ட்ரக் கொம்பனியள் கனடா லேபர் கோடு எண்ட மத்திய அரசின்ர தொழிலாளர் சட்டத்துக்குக் கீழ வருமாம், அதால பெடரல் லேபர் புரோகிராமுக்கு ஓன்லைன்ல கொம்ப்ளெயின்ட் போட்டன். காசு தரவேண்டிய நாளில இருந்து 6 மாசத்துக்குள்ள போடோணும், எனக்கு அஞ்சரை மாசம் ஓடிட்டுது, மயிரிழையில தப்பினன்.

கோர்ப்பரேஷன் என்ர பேரில இருக்கே, நீ வேலைக்காரனே இல்லை எண்டிடுவாங்களோ எண்டுதான் பயம். ஆனா 2021 ஜனவரியில இருந்து வேலைக்காரனை கொன்ட்ராக்டர் மாதிரிக் காட்டுறதுக்கு சட்டத்திலயே தடை, இவன் எங்கட ஆள் இல்லை எண்டு கொம்பனிதான் நிரூபிக்கோணும்.

பில் ஒவ் லேடிங் (சரக்கு ஏத்தின சீட்டு), டிஸ்பாட்ச் (லோட் பிரிச்சுக் குடுக்கிற ஆள்) அனுப்பின வட்ஸ்அப் எல்லாம் குடுத்தன். டீசல் ரிசீட்டுகளை சன்வைசருக்குள்ள செருகி வச்சு வெயிலில எழுத்தே மங்கிப்போச்சு, அண்டண்டைக்கே போட்டோ எடுங்கோ.

இன்பொக்ஸில கேட்ட தம்பிக்கு: ஒரே முதலாளிக்குக் கட்டின வேலை பெர்மிட் எண்டாலும், காசை வச்சுக் கொடுமைப்படுத்தினா வேற இடத்தில வேலை செய்ய ஓபன் பெர்மிட் கேட்டு விண்ணப்பிக்கலாம், கனடாவுக்குள்ள இருந்தே.

நேற்று கொம்பனிக்காரன் போன் எடுத்து பாதிக் காசு தாறனாம், கொம்ப்ளெயின்டை எடுக்கட்டாம். எழுத்தில அனுப்பு எண்டன். இன்னும் அனுப்பேல்லை.