நெடுஞ்சாலைப் பிரிவு, தொகுப்பு வீடு, ஐடிஐ: சட்டமன்ற உறுப்பினருக்கு நாம் தர வேண்டிய தாள்கள்

அன்புள்ள ஊர் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

நம் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் சென்ற மாதம் ஊருக்கு வந்திருந்தார். நெடுஞ்சாலையிலிருந்து நம் ஊருக்குப் பிரியும் இடமான நம் பிரிவில் நடக்கும் விபத்துகள், ஏழை வீடுகளின் நிலை, பிள்ளைகளுக்கான தொழிற்பயிற்சி ஆகிய மூன்றையும் பேரவையில் எடுத்துப் பேசியிருப்பதாகவும், ஊர் சார்பில் ஆதாரத்தோடு மனு கொடுத்தால் தொடர்ந்து வலியுறுத்த வசதியாக இருக்கும் என்றும் சொன்னார். விடுப்பில் ஊரில் இருந்த நானும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு மாலை போட்டோம், கைதட்டினோம். ஆனால் அவர் கேட்ட ஆதாரமாகக் கொடுக்க ஒருவர் கையிலும் ஒரு தாள்கூட இல்லை. அந்தக் குறையை வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற நாம்தான் தீர்க்க முடியும் என்று நம்பி இந்த மடலை எழுதுகிறேன்.

முதலில் சாலை. விழுப்புரத்திலிருந்து திருச்சி செல்லும் சாலை, பழைய கணக்கில் 45, இன்று 38ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, நான்கு வழியானபோது நம் ஊர் இந்தப் பக்கமும் நம் வயல்களும் பால் சொசைட்டியும் அந்தப் பக்கமுமாகப் பிரிந்துபோனதை எல்லோரும் அறிவீர்கள். விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்புவதற்கு முந்தைய வாரம் ஒரு மாலை, ஐந்தரை மணி முதல் ஆறரை மணி வரை பிரிவில் நின்று பார்த்தேன். நடுத்திட்டில் வைத்த அரளி ஆள் மார்பளவுக்கு வளர்ந்து பூத்து நிற்கிறது. அதற்குப் பின்னால் பால் கேன் கட்டிய எக்ஸ்எல் வண்டியோடு ஒருவர் காத்திருந்தால், சென்னையிலிருந்து வரும் ஆம்னி பேருந்து ஓட்டுநருக்கு அவர் வண்டி விளக்குகூடத் தெரிவதில்லை. அந்த ஒரு மணி நேரத்திலேயே பால் ஊற்றப் போகிறவர்களும், பேருந்தில் இறங்கி வரும் பள்ளிப் பிள்ளைகளும், வயலிலிருந்து திரும்பும் பெண்களும் ஒரே இடைவெளியில் குறுக்கே கடக்கிறார்கள். சென்ற ஆண்டு நம் ஊர்ப் பையன் ஒருவன் இறந்த விபத்து நடந்த இடத்தில் காவலர்கள் போட்ட சுண்ணாம்புக் கோடு அழிந்துவிட்டது. அந்தப் பையனின் ஒற்றைச் செருப்பு மட்டும் அரளி வேரோரம் இன்னும் கிடக்கிறது.

தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 64,105 விபத்துகள் பதிவாகி, 17,884 பேர் இறந்திருக்கிறார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு நாட்டிலேயே நம் மாநிலம்தான் முதலிடம். ஆனால் நம் பிரிவுக்குச் சுரங்கப்பாதையோ மேம்பாலமோ வர வேண்டுமானால் மாநிலக் கணக்கு உதவாது, நம் பிரிவின் கணக்குதான் உதவும். ஏறத்தாழ 500 மீட்டர் நீளத்துக்குள், மூன்று ஆண்டுகளில், உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட விபத்துகள் ஐந்து நடந்திருந்தாலோ, அல்லது பத்துப் பேர் இறந்திருந்தாலோதான் அந்த இடத்தை விபத்துக் கரும்புள்ளி என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஏற்கிறது. நாம் அறிந்த விபத்துகளை விரல்விட்டு எண்ணினாலே இந்த அளவு தாண்டிவிடும். ஆனால் அவற்றில் பாதிக்கு வழக்கே பதிவாகவில்லை. லைசென்ஸ் இல்லை, இன்சூரன்ஸ் காலாவதியாகிவிட்டது என்ற பயத்தில், இடித்த வண்டிக்காரர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஊர்ப் பெரியவர்களே சமாதானம் பேசி முடித்துவிடுகிறோம். அந்தக் குடும்பத்துக்கு அன்று அது உதவியாக இருந்திருக்கலாம். ஆனால் ஏட்டில் நம் பிரிவு விபத்தே நடக்காத இடமாக நிற்கிறது.

இடித்த வண்டி எது என்றே தெரியாமல் போனாலும் வழக்குப் பதிவது வீண் அல்ல என்பதை வீட்டாருக்குச் சொல்லுங்கள். 2022 ஏப்ரல் முதல், அடையாளம் தெரியாத வாகனம் மோதி இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும், கொடுங்காயம் அடைந்தவருக்கு 50,000 ரூபாயும் இழப்பீடு உண்டு. இறந்துபோன நம் பையனின் அம்மாவிடம் இதை ஒருவரும் சொல்லவில்லை என்பதை நேரில் கேட்டறிந்தபோது எனக்கு மிகவும் வேதனையாக இருந்தது.

இன்னொன்றையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும். தேசிய நெடுஞ்சாலை மாநில அரசின் கையில் இல்லை. சட்டமன்ற உறுப்பினர் பேரவையில் எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும், மத்திய அரசுக்குப் பரிந்துரைக்கத்தான் மாநில அரசால் முடியும். ஆகவே அதே மனுவின் நகல் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் திட்ட இயக்குநருக்கும், மாவட்ட ஆட்சியர் தலைமையில் கூடும் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கும், நாடாளுமன்ற உறுப்பினருக்கும் ஒரே நாளில் போய்ச் சேர வேண்டும். பாலம் வரும்வரை, அரளியை இடுப்புக்குக் கீழே வெட்டி வைக்கவும் உயர்கோபுர விளக்கு ஒன்று போடவும் கேட்கலாம். இவற்றுக்குப் பெரிய செலவில்லை.

வீட்டு விஷயத்திலும் தாள்தான் தடை. எங்கள் பெரியம்மா இருக்கும் தொகுப்பு வீடு எண்பதுகளில் கட்டியது. கூரைக் காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறது. பேத்தி தூங்கும் இடத்துக்கு மேலே, விழும் காரையைத் தாங்குவதற்குப் பழைய உரச்சாக்கைக் கட்டி வைத்திருக்கிறார். கலைஞரின் கனவு இல்லம் என்ற மாநில அரசுத் திட்டம் 2030க்குள் 8 லட்சம் குடிசைகளை மாற்றும் இலக்கோடு 2024இல் அறிவிக்கப்பட்டது. 360 சதுர அடி வீட்டுக்கு ஏறத்தாழ மூன்றரை லட்சம் ரூபாய் என்பது கணக்கு. பெரியம்மா வீடு குடிசை அல்ல என்பதால் அவர் அதில் வரமாட்டார். பழைய அரசு வீடுகளைப் பழுதுபார்க்கும் திட்டத்தில்தான் கேட்க வேண்டும். ஏரிக்கரைத் தெருவில் இருப்பவர்களோ உண்மையிலேயே குடிசையில்தான் இருக்கிறார்கள், ஆனால் அவர்களிடம் பட்டா இல்லை. நீர்நிலைப் புறம்போக்குக்குப் பட்டா தர முடியாது என்பது சட்டம். வேறிடத்தில் மனைப்பட்டா கேட்காமல் வீடு மட்டும் கேட்டால் அந்த மனு எத்தனை முறை போனாலும் திரும்பித்தான் வரும். எனவே மனுவில் இவ்விரு வகை வீடுகளையும் தனித்தனியாக, குடும்ப வாரியாக எழுத வேண்டும் என்பது என் கருத்து.

தொழிற்பயிற்சியைப் பற்றிச் சட்டமன்ற உறுப்பினரின் எண்ணத்திலிருந்து நான் சற்று மாறுபடுகிறேன். அவர் நம் பகுதிக்குப் புதிய பயிற்சி மையம் கேட்கிறார். அவரது நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பக்கத்து ஊரிலேயே அரசு ஐடிஐ, அதாவது தொழிற்பயிற்சி நிலையம், இருக்கிறது. மாநிலம் முழுவதும் 71 அரசு ஐடிஐகளை 2,877 கோடி ரூபாயில் புதிய இயந்திரங்களோடு தரம் உயர்த்தியிருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அங்கே போய்ச் சேரப் பேருந்துதான் இல்லை. காலை முதல் வகுப்புக்குப் போகும் பேருந்து நம் பிரிவில் நிற்பதில்லை. அடுத்தது வரும்போது வகுப்பு தொடங்கிவிடுகிறது. அதனால் மூன்று பையன்கள் ஒரே பைக்கில், எதிர்த்திசையில் இரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்புகிறார்கள். சென்ற ஆண்டு நாம் பறிகொடுத்தவன் அப்படித்தான் ஃபிட்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தான்.

நானும் ஐடிஐயில் இரண்டு ஆண்டு எலக்ட்ரீசியன் படித்தவன். அந்தச் சான்றிதழ் இருந்ததால் டிரேடு டெஸ்ட் முடித்து, தொழில் தெரிந்தவனாக விமானம் ஏறினேன். என்னோடு வந்த நம் ஊர்க்காரர் இருவருக்கு வேலை என்னைவிட நன்றாகத் தெரியும், ஆனால் சான்றிதழ் இல்லாததால் ஹெல்பர் விசாவில் வந்தார்கள். எட்டு ஆண்டுகளாகியும் ஹெல்பர் சம்பளம்தான் வாங்குகிறார்கள். ஆகவே காலையும் மாலையும் ஒவ்வொரு பேருந்து நம் பிரிவில் நின்று போக வேண்டும் என்பதைத் தொழிற்பயிற்சிக் கோரிக்கையின் முதல் வரியாக எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நம் ஊர்ச் சங்கக் கையிருப்பில் ஊருக்கு நுழைவாயில் வளைவு கட்டலாம் என்று சிங்கப்பூரிலிருக்கும் அண்ணன்கள் முன்வைத்த யோசனையை நான் மதிக்கிறேன். இருந்தாலும் இந்த ஆண்டு அதை ஒத்திவைத்து, முதல் தகவல் அறிக்கை நகல்களையும் மருத்துவமனைப் பதிவுகளையும் திரட்டவும், பட்டா விவரங்களை வட்டாட்சியர் அலுவலகத்தில் சரிபார்க்கவும் ஊரில் படித்த இரண்டு பிள்ளைகளுக்கு ஆறு மாதம் மதிப்பூதியம் கொடுக்கலாம் என்று முன்மொழிகிறேன்.

கடந்த மூன்று ஆண்டுகளில் உங்கள் வீட்டிலோ பங்காளி வீட்டிலோ பிரிவில் விபத்து நடந்திருந்தால், நாள், நேரம், சிகிச்சை பெற்ற இடம், வழக்குப் பதிவானதா என்ற விவரங்களைச் சங்கச் செயலாளருக்குத் தனிமடலில் அனுப்புங்கள். பெயர்களைக் குழுவில் பொதுவாக எழுத வேண்டாம். அக்டோபர் 2 கிராம சபையில் மூன்று தீர்மானங்களையும் நிறைவேற்றி, அந்த நகலோடு மனுவைக் கொடுத்துவிடலாம் என்று ஊராட்சித் தலைவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்குப் பத்து நாள் முன்பாவது விவரங்கள் வந்து சேர்ந்தால் வரிசைப்படுத்தித் தட்டச்சு செய்யும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.